பட்டறைக் கம்பிக்கு ஒரு பரீட்சை

கோபித்துக்கொண்டு போன தங்கை இன்று லாரியில் வந்து இறங்கப்போகிறாள். அந்த நினைப்பிலேயே சிவஞானம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

விசாலாட்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, சட்டை ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு. பரீட்சை கம்பிக்கா, உங்களுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப கூட ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்தோட யாரும் பாஸானதில்ல."

சிவஞானம் சிரிக்க முயன்றார். வரவில்லை.

போர்ட் பிளேர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர் வேலை அவருக்கு. கட்டடம் கட்டுகிறவர்கள் அவரைக் கண்டால் குழைத்த கலவையை இன்னொரு முறை குழைப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் போன வாரம் செய்த காரியம்தான் குடும்பத்தை இரண்டாக்கி வைத்திருந்தது.

ஊருக்குள் புதிதாகப் பிரசவ வார்டு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் நின்றுவிட்டது. கூரைக்குக் கம்பி இல்லை. மெயின்லேண்டிலிருந்து கம்பி ஏற்றி வரவேண்டிய கப்பல் இன்று வரும், நாளை வரும் என்று தந்தி மட்டும் வந்தது. மழை தொடங்கிவிட்டால் அந்தத் தீவில் அதன் பிறகு தளம் போட முடியாது. ஒரு வருஷம் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் தங்கை புருஷன் தங்கையா ஒரு லாரி கம்பியோடு வந்தான். சிப்பிகாட் பக்கம் அவனுக்கு ஒரு இரும்புப் பட்டறை. கரை தட்டிக் கிடந்த பழைய கப்பலை உடைத்து, அந்தத் தகட்டைத் துண்டு போட்டு, உலையில் பழுக்கவைத்து, டீசல் என்ஜினில் ஓடும் உருளைகளுக்கு நடுவே விட்டு நீளக் கம்பியாக இழுத்திருந்தான். அந்தமானிலேயே செய்த கம்பி. அவனும் கண்ணம்மாவும் கையில் இருந்ததையெல்லாம் அந்த உலையில்தான் கொட்டியிருந்தார்கள்.

சிவஞானம் வாசலிலேயே லாரியைத் திருப்பி அனுப்பினார். மச்சான் கம்பியை மச்சானே வாங்கிக்கொண்டார் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம்.

அன்று மாலையே கண்ணம்மா வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"தோத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேண்ணே. ஒரு கம்பியைக்கூட வளைச்சுப் பாக்காம அனுப்பிட்டியே!"

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

நாலைந்து நாள் அந்த வார்த்தை சிவஞானத்தின் காதிலேயே இருந்தது. பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு பெரிய என்ஜினீயர் தத்தா சாகிப்பிடம் போய் நின்றார். கல்கத்தாக்காரர், முன்கோபி, ஆனால் விஷயத்தைக் கேட்டுக்கொள்வார். கம்பியைச் சோதிக்க வேண்டும், ஆனால் தான் சோதிக்கக்கூடாது, உறவு இருக்கிறது என்றார் சிவஞானம்.

தத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர் பேசும் என்றுதானே பயம்? பேசுகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்துச் சோதி. நானும் வருகிறேன். சோதிக்கப்போவது நீதான்."

அந்த நாள்தான் இது.

பத்துபஸ்தி வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பும்போது விசாலாட்சி வாசல்வரை வந்தாள்.

"என்ன ஆனாலும் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"வருவாளா?"

"கேட்டாத்தானே தெரியும்."

வார்டு கட்டும் இடத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. சித்தாள் வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர்கள், தெலுங்குக் கொத்தனார்கள், மலையாளத்து ஆசாரி எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். கம்பி கட்டும் பழனிசாமி கனத்த மேசையின் மேல் இரும்பு முளைகளை இறுக்கிக்கொண்டிருந்தான். கம்பியை இரண்டு முளைகளுக்கு நடுவே செருகி, மறுமுனையில் குழாயை மாட்டிச் சுற்றி இழுத்தால் கம்பி வளையும். நல்ல கம்பி கைத்தடிப் பிடி மாதிரி மடங்கிவிடும். கெட்ட கம்பி வெளிப்பக்கம் வெடிக்கும்.

லாரி முனகிக்கொண்டே மேடேறி வந்தது. தங்கையா குதித்து இறங்கினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவன் தாத்தாவை வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அப்பாவும் அவனும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். தமிழும் ஹிந்தியும் அவன் வாயில் ஒரே பாஷை.

"நமஸ்தே மச்சான். மால் பூரா கொண்டாந்துட்டேன். எதை வேணா எடுத்துப் பாருங்க."

கண்ணம்மா முன்சீட்டிலிருந்து இறங்கிச் சேலையை உதறிக்கொண்டாள். சிவஞானம் இரண்டடி முன்னால் போனார்.

"வாம்மா."

"கம்பி வந்திருக்கு ஓவர்சியர் சார்," என்றாள் அவள்.

அருகில் நின்ற பழனிசாமி குனிந்து முளையை இன்னும் இறுக்கினான்.

தத்தா சாகிப்பின் ஜீப் வந்தது. அவர் யாரிடமும் பேசாமல் நேரே லாரிமேல் ஏறினார். மேலே கிடந்ததைத் தொடவில்லை. நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவச் சொன்னார். நாலு நூல் கம்பி, அரை அங்குல கனம். காலிப்பரை வைத்துப் பல இடத்தில் கனம் பார்த்தார்கள். சில இடத்தில் மயிரிழை கூடுதல், குறைவில்லை. துண்டு வெட்டித் தராசில் வைத்தார்கள். எடை சரியாக இருந்தது.

"அச்சா," என்றார் தத்தா. தங்கையாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

இனி வளைக்க வேண்டும்.

பழனிசாமி முதல் கம்பியைச் செருகிக் குழாயை மாட்டினான். இரண்டு ராஞ்சிக்காரர்கள் பிடித்துக்கொள்ள, சுற்றி நடந்தான். கம்பி முரண்டு பிடித்தது, பிறகு இசைந்தது, அப்படியே மடங்கி வந்தது. சிவஞானம் வளைவின் முதுகில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தான்.

அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். சிவஞானத்துக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. தங்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்க்கவில்லை. எல்லாம் முடியட்டும் என்று வைத்துக்கொண்டார்.

பழனிசாமி அடியிலிருந்து எடுத்த கம்பியைச் செருகினான். பாதி சுற்று போயிருப்பான்.

டப்பென்று ஒரு சத்தம்.

குழாய் கையிலிருந்து தெறித்தது. பழனிசாமி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கம்பி இரண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு மேசையில், இன்னொன்று செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில்.

"அடி கிடி பட்டுச்சா?" என்று சிவஞானம் ஓடினார்.

"இல்லண்ணே. பயந்துட்டேன், அம்புட்டுத்தான்."

சிவஞானம் உடைந்த முனையை எடுத்துப் பார்த்தார். கற்கண்டு உடைந்த மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. தங்கையா அதையே வெறித்துக்கொண்டு நின்றான். கண்ணம்மாவின் கை வாயைப் பொத்தியிருந்தது.

தத்தா வானத்தைப் பார்த்தார். தென்மேற்கே கடலுக்கு மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. சிவஞானத்தைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எடுத்ததில் ஒன்றுதான் போயிற்று. மற்றது எல்லாம் முதல்தரம். மழை வாசலில் நிற்கிறது, கப்பலைக் காணோம். உடைந்ததைத் தூக்கி எறி. மற்றதைப் பாஸ் என்று எழுது. பொறுப்பு என்னுடையது."

சிவஞானம் மேசையைப் பார்த்தார். ஒரு வாரமாக அவர் வேண்டிக்கொண்டிருந்த ஒரே வார்த்தை அந்தப் 'பாஸ்'தான். பெரிய மனிதரே தன் வாயால் சொல்கிறார். ஒரு கையெழுத்துப் போட்டால் தங்கை சிரிப்பாள், பட்டறை பிழைக்கும், வார்டு எழும்பும். இப்போது யாரும் குறை சொல்லக்கூட முடியாது.

அவர் தலையை நிமிர்த்திக் கூரையில்லாத அந்தச் சுவர்களைப் பார்த்தார்.

"முடியாது சாப்," என்றார் ஹிந்தியில். குரல் தடித்து, எல்லாருக்கும் கேட்டது. "ஒண்ணு உடைஞ்சிருக்கு. லாரியில இன்னும் எத்தனை இப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தத் தளத்துக்குக் கீழ பொம்பளைங்க பிள்ளை பெத்துக் கெடப்பாங்க. நான் எழுத மாட்டேன்."

தத்தாவின் முகம் சிவந்தது. அதைவிடத் தங்கையாவின் முகம் சிவந்தது.

"அரே மச்சான்! ஏக் கம்பி! ஒரே ஒரு கம்பிக்காகப் பூரா மாலும் பேக்கார், ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு சொல்றீங்களா? சாப் சரின்னு சொல்லியும் நீங்க..."

"சும்மா இருங்க," என்றாள் கண்ணம்மா.

தங்கையா நிறுத்தினான்.

"அண்ணன் சொல்றது சரி. அந்த வார்டுல நாளைக்கு நானே படுத்தாலும் படுப்பேன்."

அன்று காலையிலிருந்து அவள் அண்ணன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சிவஞானம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். தங்கையாவோ, நாளைக்கு நானே படுத்தாலும் என்று அவள் சொன்னதில் ஏதாவது சேதி இருக்கிறதா என்று ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான். அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"தகட்டுல செஞ்ச கம்பி எதுவும் உடையல. இது எதுலேருந்து வந்தது? யோசிச்சுப் பாருங்க," என்றாள்.

தங்கையா உடைந்த துண்டைக் கையில் உருட்டினான். கோபம் மெல்ல வடிந்தது.

"நடுவுல கப்பல் தகடு தீர்ந்துபோச்சு," என்றான். "மரம் வெட்டுற கேம்ப்புல பழைய தண்டவாளம் கெடந்துச்சு, தள்ளுவண்டி ஓடுமே, அந்த ரயில். அதை வாங்கிட்டு வந்து உலையில போட்டோம். லோஹா லோஹாதானே, எல்லாம் இரும்புதானேன்னு நெனைச்சேன். எல்லாம் ஒரே மாதிரிதான் வந்துச்சு."

"தண்டவாளம் கடினமான இரும்பு மாப்பிள்ளை. தேயாம இருக்கறதுக்காகச் செஞ்சது. வளைன்னா வளையாது."

"இப்ப எது தகடு, எது ரயில்னு எப்படிப் பிரிக்கிறது? பூராவும் ஒண்ணா ஏத்திட்டேனே."

எல்லாரும் லாரியைப் பார்த்தார்கள். கம்பிகள் ஒரே செம்பழுப்பு நிறத்தில், ஒரே கனத்தில், ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"எல்லாத்தையும் வளைச்சுப் பாத்துட்டா என்ன?" என்றாள் கண்ணம்மா.

"வளைச்சா அப்புறம் அதை எப்படித் தளத்துல..." என்று ஆரம்பித்த சிவஞானம் பாதியில் நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். சிரித்தும் விட்டார். "அட, நம்ம எல்லாருக்கும் புத்தி எங்க போச்சு! கொக்கி!"

"என்ன கொக்கி?"

"வழவழன்னு இருக்கற கம்பி கான்கிரீட்டுக்குள்ள வழுக்காம இருக்க, ரெண்டு முனையிலயும் கொக்கி மாதிரி மடக்கித்தானே வைப்போம்? எப்படியும் மடக்கத்தான் போறோம். அதை இப்பவே, இங்கேயே, சின்ன முளையில வச்சு இறுக்கமா மடக்கிடுவோம். மடங்குனது தளத்துக்கு. வெடிச்சது வெளியே. ஒரு கம்பிகூட மிச்சமில்லாம!"

தத்தா சாகிப்புக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். கோபம் போகாத முகத்தோடே, "செய். சாயங்காலம் வந்து பார்க்கிறேன்," என்று ஜீப்பில் ஏறினார்.

அதன் பிறகு அங்கே நடந்தது கிட்டத்தட்ட ஒரு திருவிழா.

பழனிசாமி மேசையின் இன்னொரு புறத்திலும் முளை அடித்தான். சிவஞானம் சட்டையைக் கழற்றிச் சாரத்தில் மாட்டிவிட்டுக் குழாயைப் பிடித்தார். எதிர்ப்பக்கம் தங்கையா. வெள்ளைச் சட்டை எப்போதோ பழுப்பாகிவிட்டது. இழுப்பதற்குக் கொத்தனார்கள் தெலுங்கில் ஒரு பாட்டு எடுத்துவிட்டார்கள். ராஞ்சிக்காரர்கள் அதற்குத் தங்கள் பாட்டில் பதில் சொன்னார்கள். அவ்வப்போது ஒரு கம்பி டப்பென்று வெடிக்கும். எல்லாரும் "ஹோ!" என்று கத்துவார்கள். வெடித்ததைக் கண்ணம்மா தானே இழுத்துக்கொண்டுபோய் வேலியோரம் போட்டாள். யாரையும் தொட விடவில்லை.

"உங்க ஊர்க்காரனுக்கெல்லாம் கை மெத்துன்னு இருக்கும்னு நெனைச்சேன் மச்சான்," என்றான் தங்கையா மூச்சு வாங்க.

"ஓவர்சியர் ஆகறதுக்கு முன்னால நான் பரமக்குடியில தறி ஓட்டுனவன் மாப்பிள்ளை. பேசாம இழும்."

வெயில் உச்சிக்கு வந்தபோது விசாலாட்சி அடுக்குச் சட்டியோடு வந்து சேர்ந்தாள். கூடவே வாழை இலைக்கட்டு. செய்தி எப்படி எட்டியதோ, அவளுக்குத் தெரிந்திருந்தது. புளிச்சோறும் வறுத்த நெத்திலியும். அவள் நேரே வேலியோரம் போய்க் கண்ணம்மாவுக்கு முன்னால் இலையைப் போட்டாள்.

"உக்காரு."

"வேலை கெடக்கு மதினி."

"இரும்பு எங்கயும் ஓடிப்போகாது. உக்காரு."

கண்ணம்மா உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "உங்க புளிச்சோறுக்கு உப்பு எப்பவும் ஒரு கல்லு கூடத்தான்," என்றாள்.

"ஏழெட்டு நாளா வராம இருந்தியே, ருசி மறந்துபோச்சு ஒனக்கு."

இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மேசைவரை கேட்டது. சிவஞானம் குழாயை விட்டுவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்.

"இழுங்க மச்சான்," என்றான் தங்கையா.

பொழுது சாய்கிற நேரத்தில் லாரி காலியாகிவிட்டது. சுவரோரம் கொக்கி போட்ட கம்பிகள் இடுப்புயரம் அடுக்கிக் கிடந்தன. வேலியோரக் குவியல் அதில் கால்வாசிகூட இல்லை.

"இந்த ஒடைஞ்ச கம்பியை எல்லாம் என்ன பண்ணுவீரு?" என்று கேட்டார் சிவஞானம்.

"ஜன்னலுக்குக் கிராதி. குட்வில் எஸ்டேட் பக்கம் வீடு கட்டறாங்க, வேலிக் கம்பம் கேட்டாங்க. அதுக்கு வளைய வேண்டாம், நின்னாப் போதும்." தங்கையா குவியலைக் காலால் தள்ளினான். "தண்டவாளம் இனிமே உலைப் பக்கமே வராது மச்சான். பக்கா."

தத்தா சாகிப் வந்தார். அடுக்கைச் சுற்றி நடந்தார். குனிந்து கொக்கிகளின் முதுகைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் காலையிலிருந்த கடுகடுப்பு இல்லை.

"நாளைக்கே கம்பி கட்ட ஆரம்பிக்கலாம். ஆனால் கான்கிரீட் போட நான் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை. வளைத்துப் பார்த்துவிட்டோம். எவ்வளவு இழுவை தாங்கும் என்று மெஷினில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த மெஷின் இந்தத் தீவில் இல்லை, மெட்ராஸில் இருக்கிறது. துண்டு வெட்டிச் சீல் வைத்துத் தருகிறேன். இந்த வாரம் கிளம்பும் பயணிகள் கப்பலில் யாராவது கூடப்போய்ச் சேர்க்க வேண்டும். பாஸ் என்று அங்கிருந்து தந்தி வந்த மறுநாள் தளம். அதற்குள் மழை வராமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்."

"பட்டறையிலிருந்தே ஆள் போகலாமா சாப்?" என்று கேட்டாள் கண்ணம்மா, தனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

"போகலாம். பட்டறை யார் பேரில் இருக்கிறது?"

"என் பேர்ல."

"அப்படியானால் நீங்கள்தான் போகவேண்டும்," என்றார் தத்தா, சாதாரணமாக. ஜீப் போய்விட்டது.

நாலு பேரும் சுவரோரம் நின்றார்கள். தங்கையா தலையைச் சொறிந்தான். உலையை விட்டு நாள்கணக்கில் அவன் நகர முடியாது. அவன் நகர்ந்தால் நெருப்பு அணையும். சிவஞானம் போனால் மறுபடியும் அதே பேச்சு வரும்.

"நான் போறேன்," என்றாள் கண்ணம்மா. "மெட்ராஸ்ல எறங்கி, ஐயாவைப் பாக்காமத் திரும்பி வர முடியாதுண்ணே. பரமக்குடிக்கும் போயிட்டுத்தான் வருவேன்."

மதினியின் பிரசவத்துக்குத் துணையாக என்று சின்ன வயசில் கப்பலேறி வந்த பெண் அவள். இங்கேயே தங்கையாவைப் பிடித்துப்போய், அண்ணன் முன்னால் நின்று நடத்திவைக்க, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். கைதி பேரனுக்குப் பெண் கொடுத்துவிட்டாயே என்று பரமக்குடியிலிருந்து அவர்களைப் பெற்ற ஐயா சிவஞானத்துக்கு ஒரே ஒரு தந்தி அடித்தார். அதன் பிறகு அவளுடைய பெயரைச் சொல்லி ஐயா யாரிடமும் விசாரித்ததில்லை.

"தனியாவா போகப்போறா?" என்றாள் விசாலாட்சி. "நானும் கூடப் போறேன்."

"நீயா?" என்றார் சிவஞானம்.

"ஏன், நான் கப்பல்ல ஏறுனதில்லையா?"

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சோறு?" என்றான் தங்கையா, மச்சானைப் பார்த்து.

"கேண்டீன்ல தால் ரொட்டி கெடைக்கும். போங்க," என்றாள் விசாலாட்சி.

சிரிப்பு அடங்கியதும் தங்கையா மனைவி பக்கம் திரும்பினான். அவன் குரல் மாறியிருந்தது.

"நிஜமாவே போறியா? உங்கய்யா வாசல்லயே நிறுத்தி, எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

கண்ணம்மா அடுக்கிலிருந்து ஒரு கம்பியின் கொக்கியைப் பிடித்து, தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

"உங்க மருமகன் செஞ்ச கம்பிய்யா இது, சர்க்காரு மெஷின்ல வச்சு இழுத்துப் பாக்கப் போகுது, நீங்களும் வேணா ஒரு கை இழுத்துப் பாருங்கன்னு சொல்லுவேன்."

தங்கையா விழுந்து விழுந்து சிரித்தான். விசாலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவஞானமும் சிரித்தார், கடைசியாக. ஐயாவை அவருக்குத் தெரியும். இழுத்துப் பார்க்காமல் விடுகிற மனிதர் இல்லை.